இன்னிசை இரைச்சலாவது ஏன்?

வீட்டு ஒலிபெருக்கி செவியைக் களைப்படையச் செய்வதன் காரணங்களும், செலவின்றித் தீர்க்கும் வழிகளும்

அண்மையில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வில்லத்தின் தலைவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய திரையிசையில் தீராத பற்றுடையவர். ஓய்வுக் காலத்தில் நிம்மதியாக அமர்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவரது பல்லாண்டு ஆசை. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் முழ உயரமுள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் வாங்கி வைத்திருந்தார். நாம் சென்றமர்ந்ததும், "ஒரு பாட்டுக் கேளுங்கள் சாமி" என்று ஆவலோடு அதனை முடுக்கினார்.

பாட்டு எழுந்தது. எழுந்த மறுகணமே, மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய அன்னையாரும் எழுந்தார். ஒன்றும் பேசாமல் பின்கட்டுக்கு நடந்தார். எண்பது கடந்த முதியவர் அவர்.

"பார்த்தீர்களா சாமி, அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. சத்தத்தைக் குறைத்தால் விளங்கவில்லை என்கிறார்கள்; கூட்டினால் இரைச்சல் என்கிறார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்றார் மகன். காப்பி கொண்டுவந்த அவருடைய துணைவியார், "எனக்கும் தலை வலிக்கத்தான் செய்கிறது சாமி. சொன்னால், உனக்கு இசை தெரியாது என்பார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்து நண்பரே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: "எனக்கே அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. இதைக் கொடுத்துவிட்டு இன்னும் விலை உயர்ந்ததாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன்."

விடைபெறுமுன் பின்கட்டுக்குச் சென்று அன்னையாரைக் கண்டோம். "என் காது பழுதாகிவிட்டது சாமி" என்றார். பிறகு தாமே ஐயுற்றவர்போல, "ஆனால் கோயில் மணி கேட்கிறது. நீங்கள் பேசுவது கேட்கிறது. அந்தப் பெட்டி பேசுவது மட்டும்தான் விளங்கவில்லை" என்றார்.

அந்தச் சொற்கள் நம் உள்ளத்தில் தைத்தன. ஒரு பெட்டியின் குறையைத் தம் உடம்பின் குறையாக எண்ணிக்கொண்டு, ஒரு தாய் தம் வீட்டுக் கூடத்தை விட்டே விலகி வாழ்கிறார். இப்படி எத்தனை இல்லங்களில் நிகழ்கின்றதோ! ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

செவி பொய் சொல்லாது

ஒலிபெருக்கியின் ஒலி நன்றாக இல்லை என்று ஒருவர் கூறினால், அவருக்கு ரசனை போதாது, வயதாகிவிட்டது, இசைப் பயிற்சி இல்லை என்று ஏதேனும் காரணம் காட்டி அவர் வாயை அடைத்துவிடுகிறோம். இது நியாயமா?

2003ஆம் ஆண்டில் ஷான் ஆலிவ் என்னும் ஒலியியல் ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 250-க்கும் மேற்பட்டோர் நான்கு ஒலிபெருக்கிகளை, எது எது என்று கண்ணால் காணாமல் கேட்டு, மதிப்பெண் வழங்கினர். அவர்களுள் முறையாகப் பயிற்சி பெற்ற செவியினர் சிலரே. பிறர் அத்தகைய பயிற்சி இல்லாதவர்கள். எனினும் எது சிறந்தது, எது தாழ்ந்தது என்ற வரிசையில் இரு சாராரும் பெரும்பாலும் ஒன்றுபட்டனர். பயிற்சி பெற்றவர்கள் கண்டிப்பாகவும் தடுமாற்றமின்றியும் மதிப்பிட்டனர், வேறுபாடு அவ்வளவே.

இதற்கு முன்னர், 1994-இல், அதே ஆலிவும் ஃபிளாய்ட் டூல் என்பவரும் இணைந்து மற்றொரு சோதனை செய்திருந்தனர். ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருந்தபோது கிடைத்த மதிப்பெண்கள், அவற்றைக் கண்ணால் கண்டு கேட்டபோது மாறிப்போயின. பெட்டியின் உருவமும் பெயரும் தீர்ப்பிலே புகுந்துகொண்டன. கண் பார்த்தவுடன் செவி தன் சுதந்திரத்தை இழந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இவ்விரு சோதனைகளும் குடும்பங்களுக்கு உணர்த்தும் பாடம் யாது? பெட்டியை வாங்கியவருக்கு அதன் விலை தெரியும். அதன் மீது பற்றும் உண்டு. அடுப்படியிலிருந்து கேட்கும் இல்லத்தரசிக்கோ, கட்டிலிற் படுத்திருக்கும் முதியவருக்கோ அந்தப் பற்று இல்லை. அவர்கள் செவியால் மட்டுமே கேட்கிறார்கள். ஆகவே, "தலை வலிக்கிறது" என்று அவர்கள் சொல்லும் சொல்லையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும்.

கூசும் இடம் எது?

நல்ல இளம்செவி, விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கும். அதிர்வு எண்ணிக்கையை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். ஆனால் எல்லா ஒலிகளையும் செவி ஒரே கூர்மையோடு கேட்பதில்லை. செவித்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழாய். அதன் ஒரு முனை திறந்தும் மறுமுனை செவிப்பறையால் மூடியும் உள்ளது. புல்லாங்குழல் தன் நீளத்திற்கேற்ற சுரத்தை ஓங்கி ஒலிப்பது போல, இக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை ஓங்கச் செய்கிறது. அதனால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நம் செவி மிகக் கூர்மையானது. குழந்தையின் வீறிட்ட அழுகை உறங்குபவரையும் எழுப்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிபெருக்கி இந்தப் பகுதியைச் சிறிது மிகைப்படுத்தினாலும் போதும், பாடகரின் குரல் தகரத்தில் உரசுவது போலாகும், 'ச', 'ஸ' ஒலிகள் சீறும், வயலின் கீச்சிடும். முதல் ஐந்து நிமிடம் இது தெளிவு போலவே தோன்றும். கடைகளில் இத்தகைய பெட்டி எளிதாக விலைபோவதும் அதனால்தான். அரை மணி கழிந்தபின் அதே தெளிவு களைப்பாக மாறுகிறது. உப்பு மிகுந்த குழம்பின் முதல் கவளம் சுவையாக இருப்பது போன்றது இது.

1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் மற்றோர் உண்மையையும் அளந்து காட்டினர். ஒலி தாழ்ந்திருக்கும்போது கீழ்ச்சுர ஒலிகள் நம் செவியில் பெரிதும் மங்கிவிடுகின்றன. ஒலி உயர உயரவே அவை மற்ற ஒலிகளுக்கு ஈடாக எழுகின்றன. மெதுவாக வைத்தால் பாட்டு சோகையாகவும், உரக்க வைத்தால் நிறைவாகவும் தோன்றுவது இதனாலேயே. எனவே சுவை வேண்டி ஒலியைக் கூட்டுகிறோம். கூட்டியதும் கூசும் பகுதியும் கூடி வந்து தாக்குகிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருந்ததை வாசகர் சிலர் நினைவுகூரலாம். தாழ்ந்த ஒலியில் கீழ்ச்சுரத்தை உயர்த்திக் கொடுப்பதற்காகவே அது அமைந்தது.

பெட்டிக்குள் நிகழ்வது

இன்று நம் வீடுகளிலுள்ள ஒலிபெருக்கியின் அமைப்பு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு வடிவக் காகிதத்தட்டு. மின்னோட்டம் சுருளை முன்னும் பின்னும் அசைக்க, தட்டு காற்றை அசைக்கிறது. இவ்வமைப்பைச் செம்மையான வடிவில் 1925-இல் விளக்கிக் காட்டியவர்கள் அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸ், கெல்லாக் ஆகிய இருவர்.

பெரிய தட்டு கீழ்ச்சுரத்தை நன்கு எழுப்பும், மேற்சுரத்தில் தடுமாறும். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை எடுத்துக்கொள்வோம். 1,700 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டரே. அதற்கு மேற்பட்ட ஒலிகளை அத்தட்டு நாற்புறமும் பரப்பாது. கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேர்முன்னே குவிக்கும். மேலும் தட்டு முழுவதும் ஒன்றாக அசையாமல், பகுதி பகுதியாக நெளிந்து கரகரக்கும். இக்காரணத்தால் மேற்சுரத்திற்கெனச் சிறிய ட்வீட்டரையும், கீழ்ச்சுரத்திற்கெனப் பெரிய வூஃபரையும் பொருத்தி, ஒலியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்று ஒன்றை இடையில் வைக்கின்றனர். மலிவான பெட்டிகளில் குறை நேர்வது பெரும்பாலும் இந்த இணைப்பிடத்திலேதான். அது அமைவதோ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள். செவி மிகக் கூசும் இடமும் அதுவே என்பதைக் கண்டோம் அல்லவா?

ஆம்ப்ளிஃபயரும் பழியில் பங்கு கொள்கிறது. அதன் ஆற்றலுக்கு மிஞ்சி ஒலியைத் திருகினால், ஒலியலையின் முகடுகள் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகிவிடும். அப்போது பாட்டிலே இல்லாத புதிய மேற்சுர ஒலிகள் பிறந்து ட்வீட்டரிற் பாய்கின்றன. கேட்பவர் காது எரிகிறது. சில வேளை ட்வீட்டரே எரிந்துபோகிறது.

வாட் கணக்கைக் கண்டு மயங்குபவரும் உளர். ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு அது சிறு மாற்றமே. ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணால் இனிமை கூடுவதில்லை.

அறை என்னும் இன்னோர் ஒலிபெருக்கி

பெட்டியை விடவும் பெரிய குற்றவாளி ஒருவன் உண்டு. அவன் நாம் அமர்ந்திருக்கும் அறையே!

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை விநாடி வரை மண்டபத்தில் முழங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் பேசுபவர் பல சொற்களைச் சொல்லி முடித்துவிடுவார். காரணம் காணும் பொறுப்பு வாலஸ் சேபின் என்னும் இளம் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச்செய்து, மண்டபத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து, எதிர்முழக்கம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. இந்த எளிய உழைப்பிலிருந்தே கட்டட ஒலியியல் என்னும் கலை பிறந்தது. 1900-இல் திறக்கப்பட்ட, இன்றும் புகழ்பெற்று விளங்கும் பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம் அவருடைய கணக்கின்படி அமைந்ததே.

சேபின் ஒலியுறிஞ்சலை அளக்கத் தேர்ந்துகொண்ட அளவுகோல் எது தெரியுமா? திறந்த சன்னல்! திறந்த சன்னல் வழியே வெளியேறிய ஒலி அறைக்குத் திரும்புவதில்லை. ஆகவே முழுமையான உறிஞ்சலுக்கு அதுவே இலக்கணம் ஆயிற்று.

இக்கணக்கை நம் வீட்டுக் கூடத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 4 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர் எனக் கொள்வோம். கொள்ளளவு 42 கன மீட்டர். சுவர், தரை, மேல்தளம் யாவும் சேர்ந்த பரப்பு 73 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கையே உறிஞ்சும். எஞ்சியதைத் திருப்பி வீசும். கதவும் சன்னலும் அடைத்த வெற்று அறையில், ஒலியின் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய்வதற்கு ஏறத்தாழ 3 விநாடி ஆகும். கதவும் சன்னலுமாக 3 சதுர மீட்டரைத் திறந்துவிட்டால் அதுவே 1.3 விநாடியாகக் குறையும். மெத்தையும் கனத்த திரைச்சீலையும் மக்களும் சேர்ந்தால் அரை விநாடியை நெருங்கலாம். இசையும் பேச்சும் வீட்டில் இனிதாகக் கேட்க அந்த அரை விநாடியே ஏற்றது.

நம் முன்னோரின் ஓட்டு வீடுகளில் நடுவே முற்றம் இருந்தது. சேபினின் கணக்கில் அது மிகப் பெரிய திறந்த சன்னல். அங்கே வானொலி ஒலித்தது; காது நோகவில்லை. இன்று கான்கிரீட் தளமும், பளபளக்கும் தரையும், தூசிக்கும் கொசுவுக்கும் அஞ்சி அடைத்த கண்ணாடிச் சன்னலும் சேர்ந்து, வீட்டை ஒரு செம்புக் குடம் போல் ஆக்கிவிட்டன. குடத்திற்குள் எதைப் பேசினாலும் முழங்கத்தானே செய்யும்? உங்கள் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின் 'சர்ர்' என்றொரு நடுக்கம் தொடர்ந்தால், உங்கள் ஒலிபெருக்கியைக் குறை கூறுமுன் அறையைக் கவனிக்க வேண்டும்.

முதியோர் செவி படும் பாடு

முதுமையில் செவி மங்குவது இயற்கை. அது எல்லா ஒலியிலும் ஒரே அளவில் மங்குவதில்லை. மேற்சுர ஒலிகளே முதலில் மறைகின்றன. தொல்காப்பியர் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் வகுத்தார். பேச்சின் உரம் பெரும்பாலும் உயிரொலிகளில் உள்ளது; அவை கீழ்ச்சுரப் பகுதியைச் சார்ந்தவை. ஒரு சொல்லை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ மென்மையானவை; மேற்சுரப் பகுதியைச் சார்ந்தவை. 'பாட்டு', 'காட்டு', 'சாட்டு' ஆகிய மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. முதல் மெய்தான் பொருளை மாற்றுகிறது. முதியவரின் செவியில் உயிர் வந்து சேர்கிறது; மெய் வழியிலேயே தங்கிவிடுகிறது. "பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவதன் பொருள் இதுவே. முழங்கும் அறையில் ஓர் உயிரொலியின் முழக்கம் அடுத்த மெய்யை மூடிவிடுவதால் துன்பம் இரட்டிக்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. பழுதுற்ற உட்செவி மெல்லிய ஒலியைக் கேளாது. ஆனால் ஒலி சற்று உயர்ந்ததும் திடீரெனப் பேரொலியாக உணரும். கேளாமைக்கும் வலிக்கும் இடையிலுள்ள வெளி அவர்களுக்குக் குறுகிவிட்டது. ஆகவே "கூட்டு" என்று சொன்ன மூதாட்டியே அடுத்த நொடியில் "குறை" என்று காதைப் பொத்திக்கொள்வது பிடிவாதமன்று, செவியின் நோய். இதனை அறியாமல் எத்தனை வீடுகளில் பெரியவர்களைக் கடிந்துகொள்கிறோம்!

அவர்களுக்கு ஏற்ற வழி ஒலியைக் கூட்டுவதன்று. ஒலியை அருகில் கொண்டுவருவதே. பெட்டிக்கும் செவிக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாதியாக்கினால், பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் உயரும். அறையின் முழக்கமோ உயராது. தொலைக்காட்சிக்குச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து அவர்கள் நாற்காலிக்கு அருகில் மெதுவாக ஒலிக்கச் செய்யலாம். தட்டையான தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருப்பதால், உரையாடல் சுவரில் மோதிக் குழம்பியே வருகிறது என்பதையும் மறத்தலாகாது. இவற்றோடு, காது மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வதும் இன்றியமையாதது. சில வேளை வெறும் காதழுக்கே காரணமாக இருப்பதும் உண்டு.

செலவின்றிச் செய்யத்தக்கவை

புதிய பெட்டி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், பின்வருவனவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலாவது, கம்பி இணைப்பைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரிலும் பெட்டியிலும் சிவப்பு, கறுப்பு என இரு முனைகள் உண்டு. ஒரு பெட்டியில் மட்டும் இவை இடம் மாறியிருந்தால், ஒரு தட்டு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கீழ்ச்சுரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் நடுவில் நில்லாமல் சிதறும். மெலிந்த கீச்சொலியே எஞ்சும். பாதி வேலை முடிந்துவிடக்கூடிய இடம் இது.

இரண்டாவது, பெட்டியின் இருப்பிடம். பீரோவின் உச்சியிலும் ஷோகேஸின் பொந்திலும் வைக்காதீர்கள். இரும்புப் பீரோவும் கண்ணாடிக் கதவும் தாமும் சேர்ந்து பாடும்! இரு பெட்டிகளையும் ஒரே உயரத்தில், ட்வீட்டர் அமர்ந்தவரின் செவி மட்டத்தில் இருக்குமாறு உறுதியான முக்காலி மீது வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரம் ஊதிப்போகும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி வையுங்கள். இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள தொலைவும், அவற்றிலிருந்து நீங்கள் அமரும் தொலைவும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் நலம்.

மூன்றாவது, அறையை மென்மையாக்குங்கள். சன்னலைத் திறவுங்கள். பெட்டிக்கும் உங்களுக்கும் இடையே தரையில் தடித்த ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியோ கனத்த திரைச்சீலையோ அமையட்டும். துணி மேற்சுரத்தையே உறிஞ்சும் என்றாலும், கூசுவது அதுவே ஆதலால் பயன் உடனே தெரியும்.

நான்காவது, திருகுகளை நடுவில் நிறுத்துங்கள். டிரெபிளும் பேஸும் முழுவதும் திருகப்பட்டிருப்பதையே பல வீடுகளில் காண்கிறோம். நடுவில் வைத்து ஒரு வாரம் கேளுங்கள். அதற்குப் பின்னும் கூசினால் டிரெபிளை இன்னும் சிறிது குறையுங்கள்.

ஐந்தாவது, மூலத்தைச் சோதியுங்கள். பலமுறை சுருக்கிப் படியெடுத்த பாட்டுக் கோப்பை எந்தப் பெட்டியும் இனிமையாக்க இயலாது. நல்ல பதிவு ஒன்றை இசைத்துப் பார்த்த பின்பே பெட்டிக்குத் தீர்ப்பு வழங்குங்கள்.

ஆறாவது, அளவை அறியுங்கள். வயது வந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறி கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். அண்டை வீட்டாரும் உண்டு. சன்னலைத் திறந்தபின் அவர்களை இரட்டிப்பாக நினைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் இந்திய ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் என வரையறுத்துள்ளன.

இவை யாவும் செய்தும் ஒலி கூசுமாயின், பெட்டியே குறையுடையது என்று கொள்ளலாம். புதிது வாங்கும்போது கடைக்காரர் உரக்க ஒலிக்கும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் நன்கறிந்த ஒரு குரலை, வீட்டில் கேட்கும் அளவில், அரை மணி நேரம் கேளுங்கள். இரு பெட்டிகளை ஒப்பிடுவதாயின் இரண்டையும் ஒரே உரப்பில் வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததெனத் தோன்றுவது செவியின் இயல்பு. நேர்முன்னே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் நடந்து கேளுங்கள். பக்கத்தில் வரும் ஒலியே சுவர்களில் மோதி உங்கள் அறையை நிரப்பப் போகிறது. முடிந்தால், "தலை வலிக்கிறது" என்று சொன்னவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முகப்பைப் பாராமல், கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்.

மீண்டும் அந்த இல்லத்தில்

தொடக்கத்தில் கூறிய நண்பரின் இல்லத்திற்கு மறு வாரமே மீண்டும் சென்றோம். குருமட நாட்களில் ஒலிபெருக்கிகளைப் பராமரிக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்ததால், திருப்புளி பிடிக்கும் பழக்கம் கை விட்டுப் போகவில்லை. ஒரு பெட்டி ஷோகேஸுக்குள்ளும் மற்றது பீரோவின் மீதும் இருந்தன. பீரோவின் மீதிருந்ததை இறக்கித் திருப்பிப் பார்த்தபோது, சிவப்பும் கறுப்பும் இடம் மாறி முறுக்கப்பட்டிருந்தன! டிரெபிள் திருகு கடைசி வரை திருகப்பட்டிருந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை; தாமே முக்காலிகளைத் தேடிக் கொண்டுவந்தார். துணைவியார் ஜமக்காளத்தை விரித்தார். ஒரு மணி நேர வேலை. ஒரு காசும் செலவில்லை.

பிறகு பி. சுசீலா பாடிய பழைய பாட்டொன்றை, முன்னிருந்ததில் பாதி உரப்பில் வைத்தோம். பாட்டு முடியும் தறுவாயில் அன்னையார் பின்கட்டிலிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது சுசீலா அல்லவா?" என்றார். ஆம் என்றோம். "இத்தனை நாளும் இந்த அம்மாவா அப்படிக் கத்திக்கொண்டிருந்தார்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சென்று, தாயின் நாற்காலியை மூலையிலிருந்து எடுத்துவந்து பெட்டிகளுக்கு அருகில் போட்டார்.

அன்னையாரின் செவியில் குறையே இல்லை என்று கூறவில்லை. பின்னர் நடந்த பரிசோதனையில் வயதுக்குரிய மந்தம் இருப்பது தெரிந்தது. செவித்துணைக் கருவி பொருத்தலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். ஆனால் அந்த மந்தத்தைவிடப் பன்மடங்கு பெரிய குறை இரண்டு கம்பிகளிலும் ஓர் அடைத்த சன்னலிலும் இருந்தது. அதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். நாம்தாம் கேட்கவில்லை.